எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டாம்: ஒரே வாயில் நான்கு பற்கள், நான்கு முடிவுகள்

வயது 42. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு மூலை உடைந்து, அதன் கூர் நாக்கை அறுக்கிறது என்று வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்: "டாக்டர், இதுக்கு மட்டும் இல்ல, எங்கெல்லாம் சொத்தை இருக்கோ எல்லாத்துக்கும் ஒரேயடியா கேப் போட்டு விட்டுடுங்க. சும்மா சும்மா வந்துட்டு இருக்க முடியாது."

இதை அடிக்கடி கேட்கிறேன். கேப் போட்டால் பல் காலத்துக்கும் பத்திரம், பில்லிங் என்றால் சும்மா ஒட்டுவேலை என்று நிறைய பேர் நம்புகிறார்கள். இவர் வாயைப் பார்த்து முடித்தபோது அந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் பொய்யாகியிருந்தது. அவர் கேப் கேட்ட பற்களில் ஒன்றுக்குக்கூட முழு கேப் தேவைப்படவில்லை. பல வருடங்களுக்கு முன்பே கட்டாயம் கேப் போட்டிருக்க வேண்டிய ஒரு பல்லுக்கோ யாரும் போடவில்லை, அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாமல் போனது. இந்த முரண்தான் என்னை எழுத வைத்தது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எதையும் தரவில்லை.

வாய்க்குள் என்ன இருந்தது

உடைந்த பல்லை மட்டும் பார்த்து வேலையை ஆரம்பித்திருந்தால் பாதி கதை தெரியாமலே போயிருக்கும். முதலில் பேசினோம். அலர்ஜிக்காக வருடக்கணக்கில் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை சாப்பிடுகிறார், அந்த வகை மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். வாய் வறண்டுபோவதால் வேலை நேரம் முழுக்க இனிப்பான பானம் எதையாவது ஒவ்வொரு வாயாக உறிஞ்சிக்கொண்டே இருப்பார். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாயில் அமிலத்தன்மை ஏறி பி.எச் அளவு சுமார் 5.5க்குக் கீழே போனால் பல்லின் வெளி ஓடான எனாமலில் இருந்து தாது கரைய ஆரம்பிக்கிறது. வேரின் மேற்பரப்பு அதைவிட மென்மையானது, அதற்கு 6.2ஐ ஒட்டிய அளவே போதும். சர்க்கரை உள்ளே போன சில நிமிடங்களில் பி.எச் விழுகிறது, எச்சில் அதை மெல்ல மெல்ல மேலே கொண்டுவர அரை மணி நேரம் வரைகூட ஆகும். எச்சிலே குறைவு, அதோடு பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் இனிப்பு என்றால் பல்லுக்கு மீள நேரமே கிடைக்காது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம்.

அப்புறம் சோதனைகள். பக்கப் பற்களுக்கு எக்ஸ்ரே, ஒவ்வொரு பல்லுக்கும் குளிர் வைத்துப் பார்த்தல், தட்டிப் பார்த்தல், ஈறு ஆழம் அளத்தல், புகைப்படங்கள். பல் மருத்துவர்கள் பற்களை எண்ணால் குறிப்போம்; முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது நடுவிலிருந்து எத்தனையாவது பல். உடைந்தது 46. மேல் இடது பக்கம் 25, முன்பு எங்கோ ரூட் கனால் செய்து வெறும் பில்லிங்கோடு விட்ட பல், அதன் மேலே ஈறில் சின்னக் கொப்புளம் ஒன்று வந்து வந்து போகிறதாம், வலி இல்லாததால் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேல் முன்பல் 11இல் ஒரு மூலையில் மஞ்சளாகிப்போன பழைய பில்லிங். கீழ் இடது 37இல் ஈறு இறங்கிய இடத்தில், வேர்ப்பகுதியில், மெத்தென்ற சொத்தை. இவை தவிர 14க்கும் 15க்கும் நடுவில் எனாமலோடு நிற்கும் ஒரு நிழல் எக்ஸ்ரேயில் தெரிந்தது, கண்ணுக்குக் குழி எதுவும் இல்லை.

உடைந்த 46

அதிக நேரம் எடுத்தது இந்தப் பல்தான், யோசிக்க வேண்டியிருந்ததும் இதில்தான். இளம் வயதில் போட்ட பெரிய வெள்ளி பில்லிங், அதாவது அமால்கம், பல்லின் நடுவில் பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்திருந்தது. அமால்கத்தில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, தகரம், செம்பு. உறுதியானது, ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், வருடக்கணக்கில் தேயாமல் நிற்கும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது பல்லோடு ஒட்டாது, உள்ளே அகலமாக வெட்டிய குழியில் இறுகிப் பிடித்து நிற்பது மட்டும்தான். மேலே கடிக்கும்போதெல்லாம் விறகில் இறக்கிய ஆப்பு மாதிரி இரண்டு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளுகிறது. சுவர் மெலிந்திருந்தால் ஒரு நாள் விரிசல் விடும், ராத்திரி பல் கடிப்பவருக்கு அந்த நாள் சீக்கிரம் வரும். இவருக்கு நாக்குப் பக்கம் முன்னால் இருந்த முகடு, அதாவது கடிக்கும் பரப்பில் மேடாக நிற்கும் பகுதி, அப்படியே பெயர்ந்துவிட்டது. பின்பக்கச் சுவரில் இன்னொரு மெல்லிய கோடு விளக்கை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது.

குளிர் வைத்தபோது சுளீர் என்றது, எடுத்த ஓரிரு நொடியில் அடங்கியது. தட்டினால் வலி இல்லை. ஆக, உள்ளே இருக்கும் உயிர்த்திசு, எல்லோரும் நரம்பு என்று சொல்வது, நன்றாகவே இருந்தது. குளிரை எடுத்த பிறகும் அரை நிமிடம் வலி நின்றிருந்தாலோ, ராத்திரி தானாக வலித்து எழுப்பியிருந்தாலோ பேச்சு ரூட் கனால் பக்கம் போயிருக்கும்.

ரப்பர் டேம், அதாவது பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் மெல்லிய ரப்பர் தாளை விரித்து, பழைய பில்லிங்கைத் துண்டு துண்டாக எடுத்தோம். கீழே எதிர்பார்த்தபடியே சொத்தை. இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் பல்லின் எதிர்காலம் இங்கேதான் முடிவாகிறது. சின்னக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டும்போது முதலில் ஈரமாகக் குழைந்து வருகிறது, அப்புறம் தோல் உரிவது மாதிரி படலம் படலமாக, அதற்கும் கீழே கருவி கிறீச்சென்று உரசும் கெட்டியான டென்டின், எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் உடல்பகுதி. சுற்றுவட்டம் முழுக்க அந்தக் கிறீச் வரும்வரை சுத்தம் செய்தோம், பில்லிங் ஒட்டிப் பிடிப்பது அந்த விளிம்பில்தான். நரம்புக்கு மேலே மட்டும் தோல் போன்ற படலத்தோடு நிறுத்திக்கொண்டோம். முன்பெல்லாம் கறுப்பாக இருப்பதை எல்லாம் வழித்தெடுக்க வேண்டும் என்று சொல்லித்தருவார்கள், அப்படி வழித்து நரம்பைத் திறந்துவிட்ட பற்களுக்குக் கணக்கே இல்லை. நிறம் நல்ல வழிகாட்டி இல்லை, கெட்டித்தன்மைதான் வழிகாட்டி. மேலே கசிவில்லாமல் அடைத்துவிட்டால் உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சக் கிருமிக்குச் சாப்பாடு போகாது, சொத்தை நின்றுவிடும், நரம்பும் தன் பக்கத்திலிருந்து புதிய டென்டினைக் கட்டிக்கொள்ளும். அதற்கு உதவியாகக் கால்சியம் சிலிக்கேட் சிமெண்ட் ஒரு படலம் வைத்து, மேலே கண்ணாடி அயனோமர் என்ற பில்லிங் சிமெண்டால் தற்காலிகமாக மூடி, சில வாரங்கள் பொறுத்தோம். நரம்பு அமைதியாக இருக்கிறதா என்று தெரியாமல் மேலே விலை உயர்ந்த வேலையை ஏற்றுவதில் அர்த்தமில்லை.

அமைதியாகவே இருந்தது. இப்போது மேலே என்ன வைப்பது?

நேரடியாகக் கம்போசிட், அதாவது பல் நிறப் பசையை வாயிலேயே அடுக்கி நீல ஒளியால் இறுக வைக்கும் பில்லிங், ஒரு வழி. இறுகும்போது அது கொள்ளளவில் 2, 3 சதவீதம் சுருங்கும், அதனால்தான் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைப்பது. சின்ன, நடுத்தரக் குழிகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. இங்கே ஒரு முகடு முழுதாகப் போய்விட்டது, இன்னொரு சுவரில் விரிசல், மேலே ராத்திரி அழுத்தம் வேறு. கம்போசிட்டாலேயே முகடுகளையும் மூடிக் கட்டலாம், செய்தால் தவறில்லை, செலவு தாங்காதவர்களுக்கு நானே செய்து கொடுப்பேன். ஆனால் பக்கத்துப் பல்லோடு இறுக்கமான தொடர்பையும் சரியான கடியையும் அவ்வளவு பெரிய பரப்பில் கையால் உருவாக்குவது சிரமம், தேய்மானமும் அதிகம்.

அவர் கேட்டது முழு கேப். அதற்குப் பல்லைச் சுற்றிலும் 1 முதல் 1.5 மில்லிமீட்டர், மேலே 1.5 முதல் 2 மில்லிமீட்டர் ராவ வேண்டும். வெளியே தெரியும் பல்லில் 60 சதவீதத்துக்கு மேல் போய்விடும். கன்னப் பக்கத்தில் இவருக்கு நல்ல எனாமல் முழுசாக இருந்தது, பல்லுக்கு இருக்கும் மிகச் சிறந்த ஒட்டுப் பரப்பு அதுதான், அதையே ராவித் தூக்கி எறிந்துவிட்டு மெலிந்த கட்டையின் மேல் கேப்பை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. உயிருள்ள பல்லை அவ்வளவு ராவும்போது நரம்பு பின்னாளில் கெட்டுப்போகும் ஆபத்தும் கூடுகிறது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, ஆன்லே. பலவீனமான முகடுகளை மட்டும் தாழ்த்தி, ஆய்வகத்தில் செய்த ஒரு மூடியை அதன் மேல் ஒட்டுவது. விரிசல் விட்ட சுவர் கடிக்கும்போது இனி வெளியே வளையாது, நல்ல சுவரும் ராவப்படாது. இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். பொருள் எது என்ற கேள்வியில் தங்கம் என் முதல் யோசனை, மெல்லிசாகச் செய்யலாம், எதிர்ப் பல்லைத் தேய்க்காது, பல பத்தாண்டுகள் நிற்கும். நிறம் பிடிக்கவில்லை என்றார், சரி. பீங்கான் வகைகளில் சிர்கோனியா மிக உறுதியானது, அதன் வளைவு வலிமை இன்னொரு பீங்கானான லித்தியம் டைசிலிக்கேட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஆன்லே நிற்பதே ஒட்டுதலால். லித்தியம் டைசிலிக்கேட் பீங்கானின் உட்புறத்தை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் என்ற ஒட்டுத் திரவம் தடவினால் ரெசின் (பிசின்) சிமெண்ட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சிர்கோனியாவை அப்படி அரிக்க முடியாது, அதை ஒட்ட வேறு ஏற்பாடுகள் வேண்டும். அதனால் லித்தியம் டைசிலிக்கேட்.

ஒரு சிக்கல் பாக்கி. உடைப்பு பக்கத்துப் பல்லோடு சேரும் இடத்தில் ஈறுக்குக் கீழே அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அங்கே ரத்தம் கசியும், ஈரத்தில் எதுவும் ஒட்டாது. எலும்புக்கும் விளிம்புக்கும் நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதை அளந்து உறுதி செய்துகொண்டு, பட்டை கட்டிக் கொஞ்சம் கம்போசிட் வைத்து விளிம்பை ஈறுக்கு மேலே ஏற்றினோம். அந்த இடைவெளி இல்லாமலிருந்தால் ஈறையும் எலும்பையும் கொஞ்சம் செதுக்க வேண்டி வந்திருக்கும், அப்படிச் செய்யாமல் எலும்பை நெருங்கி விளிம்பை வைத்தால் ஈறு எப்போதும் சிவந்து வீங்கியே இருக்கும். வெட்டிய டென்டினை அன்றைக்கே ரெசினால் மூடிவிட்டு அளவெடுத்தோம். ஒட்டிய பிறகு சில வாரங்கள் கடிக்கும்போது லேசான உறுத்தல் இருந்தது, கடியைக் கார்பன் தாள் வைத்துப் பார்த்து ஓர் இடத்தில் துளி ராவினோம், போய்விட்டது.

இழந்த 25

இந்தப் பல்லைப் பற்றிச் சொல்லும்போது வருத்தமாகவே இருக்கிறது. ரூட் கனால் எக்ஸ்ரேயில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேர் நுனிவரை அடைத்திருந்தார்கள். ஆனால் மேலே வெறும் பில்லிங். ரூட் கனால் செய்யும்போது பல்லின் கூரையைத் திறந்துதான் உள்ளே போக வேண்டும், இரண்டு பக்கச் சுவர்களையும் இணைத்துப் பிடித்திருந்த பகுதி அதோடு போய்விடுகிறது. அதற்கு முன்பே சொத்தை பக்கவாட்டு விளிம்புகளைத் தின்றிருந்தால் மிச்சம் இருப்பது எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு மெல்லிய முகடுகள் மட்டுமே. பின்வரிசைப் பல் என்றால், அதுவும் மேல் சிறு கடைவாய்ப்பல் என்றால், இந்த நிலையில் முகடுகளை மூடும் ஆன்லேயோ கேப்போ கட்டாயம். "ரூட் கனால் முடிஞ்சதும் வலி போயிடுச்சு, அதுக்கப்புறம் போகல" என்றார். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வலி நின்றதும் சிகிச்சை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. மேல்வேலை பாக்கி இருக்கிறது, அது இல்லாமல் இது பாதி வேலை என்று அழுத்திச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு.

ஈறைச் சுற்றி அளந்தபோது எல்லா இடத்திலும் 2, 3 மில்லிமீட்டர், ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கருவி 9 மில்லிமீட்டர் சரசரவென்று இறங்கியது. ஈறு நோயில் பள்ளம் அகலமாக இருக்கும், இப்படி ஒற்றைக் குறுகலாக இறங்கினால் வேர் நெட்டாகப் பிளந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் வேரின் ஒரு பக்கமாக ஏறி நுனியைச் சுற்றிய நிழல் அந்தச் சந்தேகத்தைக் கூட்டியது. பில்லிங்கை எடுத்து மெத்திலீன் நீலச் சாயம் தடவி உருப்பெருக்கியில் பார்த்தோம். நீலக் கோடு தளத்திலிருந்து வேருக்குள் இறங்கிக் கண்ணுக்கு எட்டாமல் போனது.

மீண்டும் ரூட் கனால் செய்யலாமா, போஸ்ட், அதாவது வேருக்குள் இறக்கும் கம்பி, வைத்துக் கேப் போடலாமா என்று கேட்டார். போஸ்ட் வேரை உறுதிப்படுத்தும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது மேலே கட்டும் பகுதியைப் பிடித்து வைக்க மட்டுமே, அதற்காக வேருக்குள் மேலும் குடைந்தால் வேர் இன்னும் பலவீனமாகும். கேப் நிலைக்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நல்ல பல் சுவர் இருந்து கேப் அதை அணைத்துப் பிடிக்க வேண்டும். இங்கே சுவர் இருந்தது, ஆனால் வேரே இரண்டாகிவிட்டது. நெட்டாகப் பிளந்த வேரை ஒட்டிச் சேர்க்க நம்பகமான வழி எதுவும் இல்லை. எடுத்துவிட்டோம்.

இடத்தை நிரப்ப மூன்று வழிகளைப் பேசினோம். கழற்றி மாட்டும் பல் இடைக்காலத்துக்குச் சரி. இரு பக்கத்துப் பற்களையும் தூணாக்கிக் கட்டும் பிரிட்ஜ் என்றால் 24ஐயும் 26ஐயும் ராவ வேண்டும், 24 ஒரு கீறல்கூட இல்லாத பல், 26இல் சின்ன பில்லிங்தான். அந்த இரண்டிலும் ஏற்கெனவே பெரிய பில்லிங்கோ கேப்போ இருந்திருந்தால் பிரிட்ஜைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இவர் விஷயத்தில் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் டைட்டானியம் வேர் ஒன்றைப் பதித்து அதன் மேல் பல் பொருத்துவது, நியாயமாகப் பட்டது. டைட்டானியம் எலும்போடு இணைவதை நம்பிச் சுவீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு 1965இல் சிகிச்சை செய்தார், இன்றும் அடிப்படை அதேதான், எலும்பு சேர்ந்து பிடிக்கச் சில மாதங்கள் காத்திருப்பதும் அதேதான். மேல் சிறு கடைவாய்ப்பல்லுக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை நெருக்கமாக இருக்கும் என்பதால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து எலும்பின் உயரத்தைப் பார்த்த பிறகே தேதி முடிவு செய்தோம். ராத்திரி பல் கடிப்பது இம்ப்ளான்ட்டுக்கும் நல்லதில்லை, அதனால் உறங்கும்போது அணியும் பல் காப்புத் தகடு முதலில் வந்துவிட்டது.

முன்பல்லும் வேர்ச் சொத்தையும்

11க்கும் கேப்தான் கேட்டார், "முன்னாடி தெரியுற பல்லாச்சே" என்று. பழைய பில்லிங்கை எடுத்துவிட்டுப் புதிய கம்போசிட் வைத்தோம், அவ்வளவுதான். எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் அரித்தால் ரெசின் அதில் பிடித்துக்கொள்ளும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் பியூனோகோர் 1955இல் காட்டினார். முன்பல்லின் உடைந்த மூலையை ராவாமலே கட்டி எழுப்ப முடிகிறது என்றால் அது அந்த வேலையின் பலன். விளிம்பைச் சாய்வாக்கி, உள்ளே மங்கலான அடுக்கு, மேலே ஒளி ஊடுருவும் அடுக்கு என்று வைத்தால் சேர்ந்த இடம் தெரியாது. நிறத்தை ரப்பர் டேம் போடுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட வேண்டும், காய்ந்த பல் வெளுத்துக் காட்டும்.

37இன் வேர்ச் சொத்தைக்குக் கண்ணாடி அயனோமர். அங்கே எனாமல் இல்லை, ஈறிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும், கம்போசிட்டுக்கு அது பிடிக்காது. அயனோமர் பல்லின் கால்சியத்தோடு வேதியியல்ரீதியாக ஒட்டும், புளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். உறுதியும் பளபளப்பும் குறைவு, கடி விழாத இடம் என்பதால் பரவாயில்லை.

14க்கும் 15க்கும் நடுவில் இருந்த நிழலை நாங்கள் தொடவில்லை. குழி விழாமல் எனாமலோடு நிற்கும் சொத்தையைத் தடுத்து நிறுத்த முடியும். டிரில் வைத்தால் அதை அடைவதற்காகவே நல்ல பல்லை வெட்ட வேண்டும், வெட்டியபின் அந்த பில்லிங் ஒரு நாள் பெரிய பில்லிங் ஆகும், பெரிய பில்லிங் ஒரு நாள் 46 ஆகும். அதற்குப் பதில் மருந்துச் சீட்டில் தரும் 5000 பி.பி.எம் புளோரைடு பற்பசை, துலக்கியபின் துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடுவது, பல்லிடுக்கில் நூலால் சுத்தம், நாள் முழுக்க உறிஞ்சும் இனிப்புக்குப் பதில் தண்ணீர். மாத்திரையை மாற்ற முடியுமா என்று அவருடைய பொது மருத்துவருக்குக் கடிதம் எழுதினோம், வாய் வறட்சி குறைவாக வரும் இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்தார். அவர் பற்களுக்கு நாங்கள் செய்த எல்லாவற்றையும்விட இந்தக் கடிதம் அதிகம் செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து

46 குளிருக்கு முன்பு போலவே பதில் சொல்கிறது, வேர் நுனியில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, ஏற்றிவைத்த விளிம்பில் ஈறு ரத்தம் கசியவில்லை. 11இன் ஓரத்தில் லேசாகக் கறை படிந்திருந்தது, மெருகேற்றியதில் போய்விட்டது. 37இன் அயனோமர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மாற்றும் அளவுக்கு இல்லை. 25 இருந்த இடத்தில் இம்ப்ளான்ட் எலும்போடு பிடித்து, மேலே பல் பொருத்தியாகிவிட்டது. 14, 15 நடுவில் இருந்த நிழல் எக்ஸ்ரேயில் வளரவில்லை.

தகட்டைச் சில இரவுகள் போடாமல் விடுகிறார், அதில் எனக்குத் திருப்தி இல்லை. இடது பக்கம் 36இலும் அதே காலத்து அமால்கம் இருக்கிறது, விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு. வலி இல்லை, முகடு முகடாகக் கடித்துப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் நோக்கில் ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து பல் அமால்கத்தைத் தடைசெய்துவிட்டது, அதைக் கேள்விப்பட்டு "இதையும் எடுத்துடலாமா டாக்டர்?" என்று கேட்டார். அந்தத் தடை புதிதாக வைப்பதற்கு, அதிலும் மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டு. நன்றாக இருக்கும் பழையதைப் பிடுங்கச் சொல்லவில்லை. எடுக்கும்போதுதான் பாதரச ஆவியும் தூளும் அதிகம் கிளம்பும், நல்ல பல்லும் கூடவே கொஞ்சம் போகும். பெரிதாக்கிய புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோட்டை அதோடு ஒப்பிடுகிறோம். நீண்டாலோ, கடித்து விடும்போது சுருக்கென்றாலோ, முகடு பெயரும்வரை காத்திருக்காமல் அதற்கும் ஓர் ஆன்லே.